மறைக்கப்படும் மாத்திரை

"பிள்ளை உண்டாகியிருக்கிறாள், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்." வலிப்பு நோயுள்ள மகளோ மருமகளோ இருக்கும் இல்லங்களில், இராயபுரம் முதல் எண்ணூர் வரை, இச்சொல் ஒரு நற்செயலைச் செய்துவிட்ட நிறைவோடு சொல்லப்படுகிறது. சொல்பவர் கொடியவர் அல்லர். பிறக்கப்போகும் குழந்தையின்மீது கொண்ட பாசத்தாலேயே சொல்கிறார். ஆயினும் பாசம் மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடாது. இச்சொல்லுக்குள் ஒரு தவறு இருக்கிறது. அத்தவறுக்குப் பின்னால் நெடுங்காலமாக வழக்கமாகிவிட்ட ஒரு மறைப்பு இருக்கிறது. அவ்விரண்டையும் எதிர்த்து வாதாடவே முன்வருகிறோம்.

நோயின் பெயரிலேயே அறியாமை தொடங்குகிறது. கால் கை வலிப்பு என்பது மக்கள் நாவில் மருவிக் காக்காய் வலிப்பு ஆயிற்று. காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மூளையின் நரம்பணுக்களில் ஒழுங்காக ஓடவேண்டிய மின்னோட்டம் சிறிது நேரம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு. துறைமுக வாயிலிலோ காசிமேட்டு மீன் சந்தையிலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், சூழ்ந்து நிற்போர் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ அவர் கையில் திணிப்பதை இன்றும் காணலாம். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கியது வலிப்பு, பெயர் வாங்கியது இரும்பு. செய்யவேண்டியதோ வேறு. அவரை ஒருக்களித்துக் கிடத்தவேண்டும். கர்ப்பிணியாயின் இடப்பக்கமாகக் கிடத்துவது நன்று. தலைக்கடியில் மெத்தென ஏதேனும் வைக்கவேண்டும். வாயில் எதையும் நுழைக்கலாகாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், வந்தவர் கர்ப்பிணியானாலும், தாமதமின்றி 108 வண்டியை அழைக்கவேண்டும். இவ்வளவே. இதற்கு இரும்பும் வேண்டா, மந்திரமும் வேண்டா.

இந்நோய்க்கு முதன்முதலாகப் பயன் தந்த மருந்தை உலகுக்கு அறிவித்தவர் ஒரு மகப்பேறு மருத்துவர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். விக்டோரியா அரசியாரின் பிரசவங்களைக் கவனித்த சர் சார்லஸ் லோகாக், 1857இல் இலண்டனில், பெண்களுக்கு வரும் ஒருவகை வலிப்பைப் பொட்டாசியம் புரோமைடு அடக்குகிறது என்று எடுத்துரைத்தார். 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாப்ட்மன், நம் வீடுகளில் கார்டினால் என்ற பெயரால் அறியப்பட்ட பினோபார்பிட்டோனின் பயனைக் கண்டார். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி கல்லூரியாக உயர்ந்த அதே 1938இல், அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்னும் இருவர் பெனிட்டாயினின் ஆற்றலை நிறுவினர். 1963இல் பிரான்சின் கிரனோபிள் நகரில், வேறொரு மருந்தைக் கரைப்பதற்காக எடுத்த திரவமே வலிப்பை அடக்குவது தற்செயலாகத் தெரியவந்தது. அதுவே வால்புரோயேட். 1967 முதல் பிரான்சில் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் பரவி, நம் ஊர் மருந்துக் கடைகளையும் வந்தடைந்தது.

மருந்து வளர்ந்த அளவுக்கு மனம் வளரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1895இல் வலிப்பு நோயாளர் மணம் புரிவதையே சட்டத்தால் தடுத்தது. பிற மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. நம் நாட்டில், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, மீண்டும் மீண்டும் வலிப்பு வருதல் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மணத்திற்குத் தடையாகச் சேர்க்கப்பட்டது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. நிக்காஹுக்கோ அப்படியொரு சட்டத்தடை ஒருநாளும் இருந்ததில்லை. முஸ்லிம் பெண் மணவிலக்குப் பெறுவதற்கான காரணங்களை வகுத்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வலிப்பு நோய் இடம்பெறவில்லை. சட்டம் போடாத தடையைச் சமுதாயத்தின் வாய்ப்பேச்சு போட்டு வைத்திருக்கிறது. அந்த வாய்ப்பேச்சுக்கு அஞ்சியே மறைப்பு பிறக்கிறது.

இனி, கர்ப்பிணிக்கும் மாத்திரைக்கும் உள்ள வழக்குக்கு வருவோம். மாத்திரையைக் கண்டு அஞ்சும் தாய்மாரின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1968இல் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் ஒருவர், வலிப்பு மாத்திரை உட்கொண்ட தாய்மார்க்குப் பிறந்த சில குழந்தைகளுக்கு உதடும் அண்ணமும் பிளந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1975இல் அமெரிக்க மருத்துவர்கள் பெனிட்டாயினால் கருவில் ஏற்படும் குறைகளை ஒரு தொகுப்பாக விவரித்தனர். 1982இல் பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் ராபர்ட் என்ற மருத்துவர், முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் பலர் வால்புரோயேட் உட்கொண்டவர்கள் என்பதைக் கண்டறிந்தார்.

அன்று ஐயமாக எழுந்தது இன்று கணக்காக நிற்கிறது. பல நாட்டுக் கர்ப்பிணியரைப் பதிவு செய்துவரும் யூராப் என்னும் பதிவேடு, 7,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. தாய் வால்புரோயேட் மட்டும் உட்கொண்டிருந்தால் 100 குழந்தைகளில் 10.3 பேருக்குப் பெருங்குறை இருந்தது. பினோபார்பிட்டோனுக்கு 6.5, பெனிட்டாயினுக்கு 6.4, கார்பமசெபினுக்கு 5.5. லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெடிராசெட்டத்திற்கு 2.8. எந்த மாத்திரையும் உட்கொள்ளாத தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 2, 3 பேருக்குக் குறை இருப்பது இயல்பு என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், கடைசி இரண்டு எண்களின் பொருள் விளங்கும். வால்புரோயேட்டிலும் அளவு கூடக்கூடத் தீங்கு கூடுகிறது. நாளொன்றுக்கு 1,450 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டவர்களிடம் அது 100க்கு 25ஐத் தொட்டது.

உடற்குறையோடும் அது நிற்கவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஓர் ஆய்வு, கருவில் வால்புரோயேட் சேர்ந்த குழந்தைகளை ஆறு வயதுவரை பின்தொடர்ந்து 2013இல் முடிவு சொன்னது. அவர்களின் அறிவுத்திறன் எண் சராசரியாக 97. லாமோட்ரிஜினும் பெனிட்டாயினும் சேர்ந்தவர்களுக்கு 108. பிரான்சில் 1967க்கும் 2016க்கும் இடையே இம்மருந்தால் குறையோடு பிறந்த குழந்தைகள் 2,150 முதல் 4,100 வரை இருக்கலாம் என அந்நாட்டு அரசு அமைப்புகள் 2017இல் கணித்தன. எச்சரிக்கை எழுந்தது 1982இல், கணக்கெடுத்தது 2017இல். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் எத்தனை தாய்மார் சொல்லப்படாமலே விழுங்கினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

இவ்வளவையும் எடுத்துரைத்த பின், "ஆகவே மாத்திரையை நிறுத்தியது சரிதானே?" என்று கேட்பவர் இருப்பர். சரியன்று என்பதே நம் வாதம். ஒரு கிணற்று நீர் உப்பாயிற்று என்றால் வேறு கிணற்றைத் தேடவேண்டும். ஊரில் எவரும் தண்ணீரே குடிக்கலாகாது என்று முடிவு கட்டுவதா? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்த கதையை அறிந்த வடசென்னை மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மாத்திரை நின்றால் வலிப்பு வரும். உடல் முழுதும் துடிக்கும் பெருவலிப்பின்போது தாயின் மூச்சு தடைப்படுகிறது. குழந்தைக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. அதன் இதயத்துடிப்பு தளர்கிறது. தாய் அடுப்பருகிலோ மாடிப்படியிலோ விழுந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிடக்கூடும். திடீரென மாத்திரையை நிறுத்துவதால், ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது தொடங்கும் கொடுநிலையும் நேரலாம். அதில் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பிரிட்டனில் மகப்பேற்று மரணங்களை ஆராயும் குழுவினர், வலிப்பு நோயுள்ள கர்ப்பிணியருக்கு நேரும் திடீர் மரணத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் எச்சரித்துள்ளனர். தாய் இறந்தபின் எந்தக் குழந்தைக்காக மாத்திரை நிறுத்தப்பட்டது?

கர்ப்பம் வந்தால் வலிப்பு பெருகியே தீரும் என்பதும் தவறு. அமெரிக்காவில் 351 கர்ப்பிணியரைக் கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், வலிப்பு கூடியவர்கள் 100க்கு 23 பேர். கர்ப்பமில்லாத நோயாளிப் பெண்களிலோ 25 பேர். வேற்றுமை இல்லை எனலாம். ஆனால் அக்கர்ப்பிணியரில் 100க்கு 74 பேருக்குக் கர்ப்பகாலத்தில் மாத்திரையின் அளவு மாற்றப்பட்டது. இரகசியம் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் கொள்ளளவு பெருகுகிறது; சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை விரைந்து வெளியேற்றுகின்றன; மசக்கையில் விழுங்கியதும் வாந்தியாகிறது. லாமோட்ரிஜினின் அளவு இரத்தத்தில் பாதியாகவே குறைந்துவிடுவதுண்டு. ஆகவே நல்ல மருத்துவர் அம்மாதங்களில் அளவைக் கூட்டுகிறார். பிரசவம் ஆனபின் குறைக்கிறார். மருத்துவம் அளவைக் கூட்டச் சொல்லும் காலத்தில், குடும்பம் அடியோடு நிறுத்துகிறது!

இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், ஐயம் தெளிந்து, மாமியாரிடம் சொல்லி, இராயபுரம் இராஜா சர் இராமசாமி முதலியார் மருத்துவமனையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கும்போது, அக்குழல் பெரும்பாலும் மூடி முடிந்திருக்கும். எந்தக் குறைக்கு அஞ்சி மாத்திரை நிறுத்தப்படுகிறதோ, அக்குறை நேரும் காலம் கடந்துவிட்டது. எந்த ஆபத்தைப் பற்றி எவரும் நினைக்கவில்லையோ, அது அன்றுதான் தொடங்குகிறது. வால்புரோயேட்டால் மூளை வளர்ச்சிக்கு நேரும் கேடு கர்ப்பகாலம் முழுதும் கவலைக்குரியதே. அதனால் கர்ப்பமான பின்னும் மருத்துவரிடம் விரைந்து செல்லவேண்டும். தாமாக நிறுத்திவிட்டு வீட்டில் அமர்தல் கூடாது. ஆனால் மருந்தை மாற்ற உரிய காலம் கர்ப்பத்திற்கு முன்னர்தான். மாற்றுவதற்கு மாதங்கள் ஆகும். புது மருந்து வலிப்பை அடக்குகிறதா என்று பார்க்கவேண்டும். போலிக் அமில மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்கவேண்டும்.

கர்ப்பத்திற்கு முன் என்றால் எப்போது? நம் குடும்பங்களில் மணமாகிச் சில மாதங்களிலேயே கர்ப்பம் வருவது இயல்பாதலால், மணத்திற்கு முன் என்பதே அதன் பொருள். அப்போதுதானே எல்லா வாயும் பூட்டப்பட்டிருக்கிறது! மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் மாத்திரைப் பட்டைகள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போகின்றன. கைக்கூலி எவ்வளவு, நகை எவ்வளவு என்பதெல்லாம் கூடத்தில் உரக்கப் பேசப்படுகிறது. நோய் மட்டும் அடுக்களையிலும் பேசப்படுவதில்லை. மணமான பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்குகிறாள். ஒளிக்க இயலாத நாளில் விழுங்காமல் விடுகிறாள். மருத்துவச் சீட்டைத் தாய்வீட்டில் வைத்துவிட்டு வந்தவள், மகப்பேற்று மருத்துவர் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் மாமியார் முகத்தைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்கிறாள். புதுமணத்தின் உறக்கக் குறைவும் விட்டுப்போன மாத்திரையும் சேர்ந்து ஒருநாள் வலிப்பு வந்தே தீருகிறது. வந்த நாளில் அவள் ஏமாற்றுக்காரியாகிறாள். தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். மறைத்தவர்கள் பெரியவர்கள், தண்டனை அவளுக்கு.

"சொன்னால் கல்யாணம் நடக்காது" என்கிறார்கள். சொல்லாமல் நடந்த கல்யாணம் எத்தனை நாள் நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நோயை அறிந்து, ஏற்று, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் கணவன் ஒருவன் கிடைக்கத் தாமதமாகலாம். அத்தாமதம், ஆறு மாதத்தில் உடைந்துபோகும் மணத்தைவிட மேலானது. "கல்யாணம் செய்துவைத்தால் தானே சரியாகிவிடும்" என்பாரும் உண்டு. மணமுடித்தல் எந்நோய்க்கும் மருந்தன்று. அது மணமகனையும் மணமகளையும் ஒருங்கே வஞ்சிக்கும் பேச்சு. "பிள்ளைக்கும் வரும்" என்பது மூன்றாவது அச்சம். வலிப்பு நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் வருவதில்லை; அத்தாய்மாரில் 100க்கு 90 பேருக்கும் மேல் நலமான குழந்தையையே பெறுகின்றனர். இதைக் கூடத்தில் உரக்கச் சொல்ல ஏன் தயக்கம்?

மண்ணடியிலும் துறைமுகத்திலும் வாணிபம் செய்து பெயர் பெற்ற சமுதாயம் நம்முடையது. விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பது கூடாது என்று கடைவீதிக்கே அறம் வகுத்த மார்க்கம் நம்முடையது. பெண் விலைப்பொருள் அல்லள். நோய் அவளுடைய குற்றமும் அன்று. தானிய மூட்டைக்கே உரிய அந்த நேர்மை, இரண்டு உயிர்கள் இணையும் உடன்படிக்கையில் மட்டும் வேண்டாததாகிவிடுமா?

வலிப்பு நோயுள்ள ஒரு பெண் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஆலிம்கள் மேடையில் பலமுறை சொல்லக் கேட்டதுதான். தமக்கு வலிப்பு வருவதையும், அப்போது ஆடை விலகுவதையும் அவர் வெளிப்படையாக எடுத்துரைத்துத் துஆ வேண்டினார். பொறுமை கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்யவும் கூடும் என்று இரண்டு வழிகள் அவர்முன் வைக்கப்பட்டன. அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. இதனைக் கொண்டு மருந்து வேண்டா என்று வாதிடுவோர், நோய்க்கு மருந்து தேடுமாறும் அதே நபிகளார் ஏவியிருப்பதை மறந்துவிடுகின்றனர். நம் கண்ணுக்கு இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் தெரிகின்றன. அப்பெண் தம் நோயை மறைக்கவில்லை. அவரிடம் விவரம் கூறி, அவர் விருப்பம் கேட்கப்பட்டது. பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவரைச் சுட்டிக் காட்டியதும் சுவனத்துப் பெண்மணி என்று மதித்தேயன்றி, பேய் பிடித்தவள் என்று ஒதுக்கி அன்று. இம்மூன்றில் எதனை நம் இல்லங்களில் காண்கிறோம்?

ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வோரைக் கண்டு நாம் நகைக்க வரவில்லை. துன்புற்ற மனம் துஆவை நாடுவது இயல்பு. ஆனால் ஓதிய தண்ணீரைக் குடிக்கும் அதே கையால் மாத்திரையையும் எடுக்கச் சொல்லாதவர், தாயத்துக் கட்டினால் மாத்திரை வேண்டா என்பவர், நோன்பு மாதத்தில் கர்ப்பிணியையும் நோயாளியையும் வற்புறுத்துபவர் ஆகியோரை நாம் எதிர்க்கிறோம். நோயாளிக்கு நோன்பில் சலுகையளிப்பதைத் திருமறையின் அல்பகரா அத்தியாயமே கூறுகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் சலுகை உண்டு என்பதை மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்க வெட்கப்பட்டு, ஸஹரிலும் மாத்திரையைத் தவறவிட்டு, இரவுத் தொழுகைக்கும் சமையலுக்குமாக உறக்கத்தையும் இழந்து, வலிப்புக்கு வாயிலைத் திறந்துவைப்பது வணக்கமாகாது.

குடும்பங்களை மட்டும் குற்றஞ்சாட்டி மருத்துவ உலகை விட்டுவிடுதல் நீதியன்று. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மலிவான மாத்திரை என்று வால்புரோயேட்டை எழுதிக் கொடுத்து, பத்தாண்டுகள் அதே சீட்டைப் புதுப்பித்து, ஒருமுறைகூட "மணம் ஆகப்போகிறதா?" என்று கேட்காதிருந்தால், அம்மறைப்புக்கு என்ன பெயர்? பிரிட்டன் 2018இல் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு இம்மருந்தைத் தருவதானால், கருத்தடை ஏற்பாடும், ஆண்டுதோறும் நிபுணரின் மறுஆய்வும், அபாயத்தை அறிந்தேன் என்னும் கையொப்பமும் வேண்டும். 2023இல் உலகச் சுகாதார நிறுவனம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் சிறுமியருக்கும் வால்புரோயேட்டை எழுதக் கூடாது என்றே அறிக்கை விடுத்தது. வேறு மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு சிலருக்கு உண்டு. அத்தகையோர்க்கு நிபுணர் எடைபோட்டு முடிவு செய்யட்டும். ஆனால் எடைபோடும் தராசு அப்பெண்ணின் கண்முன் இருக்கவேண்டும்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், 1998 முதல் வலிப்பும் கர்ப்பமும் பற்றிய பதிவேடு ஒன்று நடந்துவருகிறது. டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய அப்பதிவேட்டில் பெண்கள் கர்ப்பத்திற்கு முன்பே பதிவு செய்துகொள்ள ஊக்குவிக்கப்படுகின்றனர். பிறந்த குழந்தைகளும் வளரும்வரை கவனிக்கப்படுகின்றனர். கர்ப்பத்திற்கு முந்திய மாதத்தில் வலிப்பு வந்தவர்க்கே கர்ப்பகாலத்திலும் வருவது மிகுதி என்பதை அப்பதிவேடு 2012இல் காட்டியது. நோயை முன்கூட்டி அடக்கிவைத்தால் கர்ப்பம் அமைதியாகும் என்பதற்கு நம் பக்கத்து மண்ணின் சான்று அது. அத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டின் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் வேண்டும். இராயபுரத்து மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி கல்லூரியோடு இணைந்தது. நரம்பியல் துறையோ ஸ்டான்லி வளாகத்தில் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து வரும் நிறைமாதக்காரி இரண்டு இடத்திலும் இரண்டு வரிசையில் நிற்காமல், இரு துறை மருத்துவரும் ஒரே நாளில் ஒரே அறையில் அவளைப் பார்ப்பது வழக்கமாகவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீடு வந்தது. வலிப்பு மாத்திரைக்கும் அந்த வழி தடையின்றித் திறந்திருக்கவேண்டும். 2015இலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும், வடசென்னைத் தெருக்கள் வெள்ளத்தில் நின்றதை எவரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்து மாத்திரையாவது வீட்டில் இருப்பு வேண்டும். அரிசிக்கு இருக்கும் கவனம் அதற்கும் இருக்கட்டும்.

கர்ப்பிணிக்கு வரும் வலிப்பெல்லாம் ஒன்றன்று என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். முன்னர் நோயே இல்லாத பெண்ணுக்கு, இரத்த அழுத்தம் ஏறிக் கர்ப்பத்தின் பின்மாதங்களிலோ பிரசவத்தை ஒட்டியோ வருவது பிரசவ ஜன்னி. அதன் சிகிச்சையில் நம் சென்னைக்குத் தனி வரலாறே உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் டாக்டர் கிருஷ்ண மேனன் வகுத்த மருந்துக் கலவை முறை, 1961இல் வெளியான அவர் கட்டுரைக்குப்பின் உலக மருத்துவர்களிடையே அவர் பெயராலேயே வழங்கியது. பின்னர் 1995இல், இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு, மக்னீசியம் சல்பேட்டே அந்த ஜன்னிக்குச் சிறந்தது என்று நிறுவியது. ஆனால் கால் கை வலிப்புக்கு அது அன்றாட மருந்தன்று. வாசலில் வந்து இறங்கும் பெண்ணுக்கு வந்தது எது என்பதை மருத்துவர் நிமிடங்களில் தீர்மானிக்கவேண்டும். பழைய நோயை மறைத்த குடும்பம் அந்த நிமிடங்களையே திருடிவிடுகிறது.

பிரசவத்திற்குப் பின்னும் பழைய அச்சங்கள் தொடர்கின்றன. மாத்திரை உட்கொள்ளும் தாய் பாலூட்டலாகாது என்பது முற்காலக் கருத்து. கருவிலேயே இம்மருந்துகளோடு இருந்த குழந்தைகளில் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு அதனால் அறிவுக்குறை ஏதும் நேரவில்லை என்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய் மாத்திரையைத் தொடரலாம், பாலும் கொடுக்கலாம் என்பதே இன்றைய பொதுவான அறிவுரை. கட்டிலின் விளிம்பில் அமராமல் தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து பாலூட்டட்டும். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டா. உறக்கம் கெடுவது வலிப்பை அழைக்கும். ஆதலால் இரவில் ஒருமுறையேனும் வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவளை உறங்கவிடவேண்டும். நாற்பது நாள் தாய்வீட்டில் வைத்துப் பேணும் நம் பழைய வழக்கம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. கர்ப்பத்தில் கூட்டிய மாத்திரை அளவைக் குறைத்துக்கொள்ள அந்நாற்பதுக்குள்ளேயே மருத்துவரைக் காணவேண்டும் என்பதை மட்டும் அவ்வழக்கத்தோடு சேர்த்துக்கொள்வோம்.

மஹல்லாப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எழுத ஒரு கட்டம் உண்டு. சாட்சிகளுக்குக் கட்டங்கள் உண்டு. நோயை எழுத ஒரு கட்டம் சேருங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் நோய் ஊர் படிக்கும் ஏட்டில் ஏறவேண்டியதன்று. கட்டுவதற்கு முன் இரு வீட்டாரையும் அழைத்து, "சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டீர்களா? கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். மணத்திற்கு முன் மருத்துவ ஆலோசனை பெறுவது வெட்கத்திற்குரியதன்று என்று ஜும்ஆ மேடையில் ஒருமுறையாவது சொல்லுங்கள். மேடையில் பேசப்பட்டது அடுக்களையிலும் பேசப்படும்.

மாமியார்மாரே, உங்கள் மருமகளின் தலையணைக்கடியில் ஒரு மாத்திரைப் பட்டை கிடக்கக் கண்டால், அது உங்களுக்கு எதிராகச் செய்த சதியென்று கொள்ளாதீர்கள். அவள் உயிரோடிருக்க எடுத்துக்கொண்ட முயற்சி அது. அதை எடுத்து, எல்லாரும் காணும் இடத்தில், குடிநீர்க் குடத்திற்கு அருகில் வையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று தெரிந்துகொள்ளுங்கள். மணமாகி வந்த முதல் மாதத்திலேயே அவளை நரம்பியல் மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, என்ன அபாயம், என்ன மாற்று என்பதை மருத்துவர் அவளிடம் சொல்லட்டும், அவள் கேட்கட்டும், அவள் முடிவு சொல்லட்டும். மாத்திரை வெளிச்சத்திற்கு வந்தால்தான் அதை மாற்றவும் முடியும், அளக்கவும் முடியும், தொடரவும் முடியும். இன்ஷா அல்லாஹ், அவ்வாறு வெளிச்சத்திற்கு வரும் ஒவ்வொரு பட்டையோடும் ஒரு தாயும் ஒரு சேயும் பிழைத்து எழுவர்.